நூற்றிருபது அம்பியர்

தியாகராசா முதன்முதல் வந்தபோது சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை மண்ணில் ஊன்றியபடி, படலைக்கு வெளியே நின்றே கேட்டார்.

"மோட்டர் சுத்துற சூசைதாசன் எண்டது நீங்களோ?"

"ஓம்."

"எனக்குக் கொஞ்சம் கறண்ட் வேணும்."

1993ஆம் ஆண்டு, ஆவணி மாதம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மின்சாரம் நின்று மூன்று வருடம் கடந்திருந்தது. தூண்களிலிருந்து தொங்கிய கம்பிகளை இறக்கி, சனம் அதிலே உடுப்புக் காயப் போட்டது. சூசைதாசனுக்குச் சிரிப்பு வந்தது.

"எனக்கும்தான் வேணும்," என்றார்.

வந்தவர் சிரிக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். சுத்தமான வெள்ளைச் சாரம். கையிரண்டும் மட்டும் அந்தச் சாரத்துக்குப் பொருந்தாமல், உள்ளங்கையில் தோல் வெளிறி உரிந்து கிடந்தன. தன்னிடம் எஞ்சின் ஒன்றும் அதில் பூட்டிய சின்ன ஜெனரேற்றரும் இருக்கின்றன, மண்ணெண்ணெயில் ஓடும், அதிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ற்றை வேறு மாதிரி மாற்றித் தரவேண்டும் என்றார்.

"வேறை மாதிரி எண்டால்?"

"வோல்ற் குறைய இருந்தாலும் காரியமில்லை. கறண்ட் நிறைய வேணும்."

"நிறைய எண்டால் எவ்வளவு?"

"நிறைய," என்றார் தியாகராசா. சற்று யோசித்து, "ஏலுமான அளவுக்கு," என்று சேர்த்தார்.

"வெல்டிங் வேலைக்கோ?"

"அப்பிடியும் வைச்சுக்கொள்ளலாம்."

"பற்றரி சார்ஜ் பண்ணவோ?"

"அதுவும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

வெல்டிங்குக்கும் பற்றரிக்கும் ஒரே பெட்டி சரிவராது என்று சூசைதாசன் விளக்கத் தொடங்கினார். ஒன்று விட்டு விட்டு இழுக்கும். மற்றது மணிக்கணக்காக மெல்ல இழுக்கும். ஒன்றுக்கு வோல்ற் கூட வேண்டும். மற்றதுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று போதும். பேசிக்கொண்டு போகையில் தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. ஒரு மூச்சில் இவ்வளவு வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ மாதமாயிற்று.

அவருக்குச் சொந்த ஊர் குருநகர். சீமெந்துத் தொழிற்சாலையில் மின்பகுதி போர்மனாக இருபத்துநாலு வருடம் வேலை பார்த்தவர். தொண்ணூறாம் ஆண்டு வைகாசிக் கடைசியில் மனைவி லூர்த்தம்மாவும் மகள் சிசிலியாவும் ஒரு கலியாணத்துக்கென்று கொழும்புக்கு ரயிலேறினார்கள். பத்து நாளில் திரும்பி வருவதாகத்தான் போனார்கள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டையும் யாராவது பார்க்கவேண்டும். அடுத்த மாதம் சண்டை மூண்டது. ரயில் நின்றது, தொழிற்சாலை நின்றது, பிறகு கோட்டைப் பக்கமிருந்து விழுந்த ஷெல்லில் அவருடைய தெருவே காலியானது. வீட்டைப் பார்க்க நின்றவருக்கு வீடும் இல்லாமல் போனது. குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் கேட்டு இரண்டு தரம் எழுதிக் கொடுத்தார். ஜெனரேற்றர் திருத்தத் தெரிந்த ஆளை லேசில் விடமாட்டார்கள் என்று கந்தோர் வாசலில் நின்ற ஒருவர் காதோடு சொன்னார். அதோடு கேட்பதை விட்டார்.

இப்போது உரும்பிராயில், தோட்டக் கரையோடு ஒரு ஓட்டு அறை. முன்பக்கம் வேலை, பின்பக்கம் படுக்கை. அயலவர்கள் நல்ல மனிதர்கள்தான். 'குருநகர் அண்ணை' என்று கூப்பிடுவார்கள், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினால் இரண்டு கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் கதையெல்லாம் படலையோடு சரி. யாரும் உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. அது காலத்தின் குறையா, சாதி பார்த்த குறையா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்.

ஆகவே தியாகராசா அடுத்த கிழமையும் வந்தபோது அவருக்கு உள்ளூரச் சந்தோசம். இந்த முறை அவர் சைக்கிளை விட்டு இறங்கி, உள்ளே வந்து, மர வாங்கில் இருந்தார். சூசைதாசன் தேத்தண்ணி வைத்தார். சீனி இல்லை, பனங்கட்டிதான்.

"ஒரே பக்கம் ஓடுற கறண்டோ, முன்னும் பின்னும் போறதோ?"

"ஒரே பக்கம்," என்றார் தியாகராசா உடனே. அதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"எவ்வளவு நேரம் ஓடவேணும்?"

"எஞ்சின் ஓடுமட்டும்."

"ஒரு மணித்தியாலமோ, ஒரு நாளோ?"

"நாள் முழுக்க எண்டு வையுங்கோ."

"அப்ப சூடு பிடிக்கும். காத்தோட்டம் வேணும்."

தியாகராசா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "அறையைப் பூட்டி வைச்சு ஓட்டேலாதோ?"

"ஏன் பூட்டவேணும்?"

தியாகராசா பேச்சை மாற்றினார். பழைய ரோர்ச் பற்றரிகளின் நடுவில் இருக்கும் கரிக்குச்சி கிடைக்குமா என்று கேட்டார். எறிந்துவிட்ட பற்றரி ஒரு பனையோலைக் கடகம் நிறையக் கிடந்தது. சூசைதாசன் அதைக் கடகத்தோடு தூக்கிக் கொடுத்தார். எதற்கென்று கேட்டதற்கு, "தேவையிருக்கு," என்பதுதான் மறுமொழி.

அன்று பின்னேரம் தனியே இருக்கையில் சூசைதாசனுக்குக் கோபம் வந்தது. எதற்கு என்று தெரியாமல் எதைச் செய்வது? தொழிற்சாலையில் இருந்த காலத்தில் இப்படி யாராவது வந்திருந்தால், கடுதாசியில் எழுதிக்கொண்டு வாரும் என்று திருப்பி அனுப்பியிருப்பார். இப்போது அந்த மனிதனைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், மூன்றாம் நாலாம் தரங்களில் அவர் கேட்ட கேள்விகள் பாதி தேவையில்லாதவை. பெட்டியின் அகலம் எவ்வளவு, பிடி எந்தப் பக்கம், கீழே சில்லு வேண்டுமா என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் தியாகராசா ஒரு கிழமை கழித்து வந்து, தெளிவில்லாத ஒரு பதிலைச் சொன்னார். அந்தக் கிழமைக்குள் சூசைதாசன் இன்னொரு கேள்வியை ஆயத்தம் பண்ணி வைத்திருப்பார்.

கொழும்புக்குக் கடிதம் எழுதுகிறபோது வழமையாக அவருக்கு அரைப் பக்கத்துக்கு மேல் போவதில்லை. சுகம், சுகமறிய ஆவல், மழை இல்லை. அந்த மாதம் இரண்டு பக்கம் எழுதினார். ஒரு ஆள் வந்திருக்கிறார், என்ன வேணும் எண்டு சொல்லமாட்டாராம், ஆனால் அது வேணுமாம் என்று தொடங்கி, தான் போட்ட கணக்கையெல்லாம் லூர்த்தம்மாவுக்கு விளங்காது என்று தெரிந்தும் எழுதினார்.

வேலை அவருக்குப் பிடித்திருந்தது. கரிந்துபோன வெல்டிங் ரான்ஸ்போமர் ஒன்றின் இரும்பைக் கழற்றி எடுத்தார். உள்ளே சுற்றவேண்டிய பெரிய கம்பிக்குச் செம்பு எங்கே போவது? இறக்கிய மின்கம்பிகளில் பழைய செம்புக் கம்பி சில இருந்தன. உடுப்புக் கொடியாகக் கட்டியிருந்த வீடுகளில் கேட்டு, தென்னங்கயிறு கொடுத்து மாற்றி வாங்கினார். ஏழு கம்பியை ஒன்றாக முறுக்கி, வேட்டித் துணியைக் கீலம் கீலமாகக் கிழித்துச் சுற்றி, மிச்சமிருந்த அரைத் தகரம் வார்னிஷில் தோய்த்து வெயிலில் காயவைத்தார். கறண்டை ஒரே பக்கம் திருப்புகிற பெரிய டயோட்டுகள் நாலு, தொழிற்சாலைக் காலத்திலிருந்து பிஸ்கட் தகரத்தில் கிடந்தன. அவை சூட்டில் செத்துப்போகாமல், பழைய பஸ் ஒன்றின் தரையிலிருந்து வெட்டிய தடித்த அலுமினியத் தகட்டில் பூட்டினார். எத்தனை வோல்ற் என்று வாங்குகிற ஆள் சொல்லவில்லை. அதனால் நாலு, ஆறு, எட்டு என்று மூன்று இடத்தில் முனை எடுத்து வைத்தார். எந்த வேலைக்கென்றாலும் ஒன்றாவது பொருந்தட்டும்.

ஐப்பசி முதல் கிழமையில் பெட்டி முடிந்தது. முடிந்தால் ஓட்டிப் பார்க்கவேண்டும். பக்கத்தில் மிளகாய் மில் வைத்திருந்த மார்க்கண்டர், காலையில் அரைப்பு இல்லாத நேரம் ஜெனரேற்றரைப் பாவிக்க விட்டார். ஆனால் பெட்டி கொடுக்கும் கறண்டை எதன் மேல் இறக்குவது? அவ்வளவு இழுக்கக்கூடிய பொருள் எதுவும் அவரிடம் இல்லை. தொழிற்சாலையில் இதற்கு ஒரு வழி இருந்தது. பீப்பாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, உப்பைக் கரைத்து, இரண்டு இரும்புத் தகட்டை இறக்கி முனைகளைக் கொழுவினார். உப்பைக் கூட்டினால் கறண்ட் கூடும். இரண்டு கை உப்புப் போட்டார். அம்பியர் மீற்றர் முள் நாற்பதுக்கு வந்தது. இன்னும் போட்டார். எண்பது. தகடுகளை நெருக்கினார். நூற்றிருபதில் நின்றது. தண்ணீர் நுரைத்து, தகட்டோரம் குமிழி குமிழியாகப் பொங்கியது. ஒரு மணித்தியாலம் ஓடியும் ரான்ஸ்போமரில் கை வைக்கக்கூடிய சூடுதான்.

யாருக்காவது காட்டவேண்டும் போலிருந்தது. மார்க்கண்டரைக் கூப்பிட்டார். அவர் எட்டிப் பார்த்து, "நல்லாய்க் கொதிக்குது," என்றுவிட்டுப் போனார்.

அந்த நேரம்தான் தியாகராசா வந்தார். மில் வாசலில் கால் வைத்தவர், பீப்பாயைக் கண்டதும் அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"இதிலை என்ன கிடக்கு?"

"உப்புத் தண்ணி. நூற்றிருபது, பாத்தீங்களோ? ஒரு மணித்தியாலமாய்..."

"உப்புத் தண்ணி எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. இது..."

"ஆரும் சொல்லாமல் நீங்கள் ஏன் உப்பைப் போட்டனீங்கள்?" தியாகராசா வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "இதை ஆரெல்லாம் பாத்தவை?"

இது சோதித்துப் பார்க்கிற ஒரு வழி, எல்லா இடத்திலும் செய்கிறதுதான் என்று சூசைதாசன் சொல்லிக்கொண்டிருக்கவே, தியாகராசா பீப்பாயைச் சரித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினார். பெட்டியைச் சாக்கால் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். கூலியை மில் வாங்கில் வைத்துவிட்டு, வாறன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

சூசைதாசன் அறைக்கு வந்து இருந்தார். இரண்டு மாதமாகத் தன் வாங்கிலே இருந்து, தன் பேணியிலே தேத்தண்ணி குடித்த மனிதன், தன்னை ஒரு உளவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனதை அவரால் விழுங்க முடியவில்லை. அன்று சமைக்கவில்லை. அடுத்த நாளும் வேலையில் கை ஓடவில்லை. நினைவு திரும்பத் திரும்ப அந்தப் பீப்பாய்க்கே போனது. ஏன் உப்புக்கு அப்படிப் பயந்தார்?

மூன்றாம் நாள் காலை, கிணற்றடியில் முகம் கழுவுகையில் அவருக்கு விளங்கியது. சவர்க்காரம் என்பதைக் கண்டு மாதக்கணக்கு. சனம் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தது. சவர்க்காரம் காய்ச்சக் கோஸ்ரிக் சோடா என்கிற காரம் வேண்டும். காரம் வருவதற்கு அரசாங்கத் தடை. ஆனால் உப்புத் தண்ணீரில் ஒரே பக்கமாகக் கறண்டை விட்டால், ஒரு பக்கம் காரம் பிரியும். உரிந்த உள்ளங்கைகள் காரத்தில் பழகின கைகள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அவருக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோசம் முகத்தைத் துடைக்குமட்டும்தான் நின்றது. ஒரு பக்கம் காரம் பிரிந்தால் மற்றப் பக்கம் என்ன? தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு வாத்தியார் கண்ணாடிக் குழாயில் பிடித்துக் காட்டிய மஞ்சட் பச்சைப் புகை. கிணற்றுக்குப் போடும் மருந்தின் மணத்தைப் போலப் பத்து மடங்கு. குளோரின். அவருடைய பீப்பாயில் இரண்டு பக்கமும் இரும்பு, அதனால் அது பெரிதாக வரவில்லை. அந்த மனிதர் கொண்டுபோனது கரிக்குச்சி. கரியில் அது முழுதாகப் பொங்கும்.

'அறையைப் பூட்டி வைச்சு ஓட்டேலாதோ?'

சைக்கிளை எடுத்தார். ஊர் அச்சுவேலி என்பது மட்டும்தான் தெரியும். நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர் என்று எதிர்காற்றில் மிதித்துப் போய், அச்சுவேலிச் சந்தையில் சவர்க்காரம் காய்ச்சிற தியாகராசா என்று விசாரித்தார். "அவர் இப்ப காய்ச்சிறேல்லையே," என்றபடி ஒருவர் ஒழுங்கையைக் காட்டினார்.

படலையடியில் நிற்கும்போதே அந்த மருந்து மணம் மூக்கில் அடித்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தார். அவர் தியாகராசாவின் மனைவி பத்மாசினி.

"அவர் இல்லை. வெளியிலை போட்டார்."

"பிள்ளை, நான் மெசின் செய்து குடுத்த ஆள். எஞ்சின் ஓடுற சத்தம் கேக்குது. அவர் உள்ளை நிண்டால் செத்துப்போவார்."

பத்மாசினி வளவின் பின்பக்கம் ஓடினார். சூசைதாசன் பின்னால் ஓடினார்.

வெங்காயம் கட்டித் தூக்குகிற பழைய கொட்டில். காற்றுப் போகவென்று விட்ட இடைவெளியெல்லாம் சீமெந்துப் பேப்பரும் சாக்கும் வைத்து அடைத்திருந்தது. தியாகராசா வாசலுக்கு வெளியே குப்புறக் கிடந்தார். எப்படியோ அவ்வளவு தூரம் தவழ்ந்து வந்திருக்கிறார். இருமல் வந்து வந்து, இழுக்க மூச்சில்லாமல் நின்று, திரும்பவும் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. சூசைதாசன் முதலில் எஞ்சினை நிறுத்தினார். சால்வையைக் கிணற்றடித் தொட்டித் தண்ணீரில் நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, அடைத்த சாக்குகளைப் பிடுங்கி எறிந்தார். பிறகு தியாகராசாவைக் காற்றுப் பக்கம் இழுத்து, வேப்பமரத்தில் சாய்த்து நிமிர்த்தி இருத்தினார். அயலில் வெங்காயம் ஏற்றுகிற லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒன்று வந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் அந்த உடம்பு சாய்ந்துவிடாமல் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போனவர் சூசைதாசன்தான். ஒரு மனித உடம்பின் சூடு தன்மேல் பட்டு எவ்வளவு காலம் என்ற நினைப்பு அந்த அவதியிலும் வந்தது. அதற்காகத் தன்மேலேயே வெட்கப்பட்டார்.

டொக்டரைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். டொக்டர் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. துண்டில் 'புகை' என்று மட்டும் எழுதினார்.

மூன்றாம் நாள்தான் தியாகராசாவுக்குப் பேச வந்தது. குரல் பாதிதான் எழும்பியது.

"உங்களிட்டைச் சொல்லியிருக்கவேணும்."

"ஓம், சொல்லியிருக்கவேணும்," என்றார் சூசைதாசன். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. "சொல்லியிருந்தால் கூரையில்லாத இடத்திலை வையுங்கோ எண்டு முதல் நாளே சொல்லியிருப்பன்."

"நான் பயந்தது உந்தக் காத்துக்கில்லை." தியாகராசா அடுத்த கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார். "நஞ்சுக் காத்து இஞ்சை வருதெண்டு ஒரு காதிலை விழுந்தால், ஆர் வந்து படலையிலை நிப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. எனக்குச் சவர்க்காரம் காய்ச்சத்தான் தெரியும். வேறை ஒண்டுக்கும் உதவ விருப்பமில்லை."

"நான் ஆரிட்டைச் சொல்லப்போறன்? எனக்குக் கதைக்க ஆர் கிடக்கு?"

தியாகராசா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் வீடு திரும்பிய பிறகு இருவருமாகச் சேர்ந்து நாலு நாள் வேலை செய்தார்கள். வளவின் கடைசியில், பனை வடலிகளுக்கு நடுவே, சுவரில்லாத பந்தல் ஒன்று. தொட்டிக்கு மண்சட்டித் துண்டால் நடுச்சுவர். மஞ்சட் புகை வருகிற பக்கத்தை மூடி, குழாய் வைத்துச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார்கள். அது புகையைக் குடித்துக்கொண்டது. பெட்டியை நாலு வோல்ற் முனையில் கொழுவினார்கள். கார்த்திகை நடுவில் முதல் சவர்க்காரம் வந்தது. மண்ணிறம், வேப்பெண்ணெய் மணம், ஓரம் நொறுங்கிற சாதி. ஆனால் நுரைத்தது. பத்மாசினி ஆறு கட்டியைப் பேப்பரில் சுற்றிச் சூசைதாசனிடம் கொடுத்தார்.

அதன் பிறகு தியாகராசா வரவில்லை. வரத் தேவையிருக்கவில்லை, பெட்டி பிழையில்லாமல் ஓடியது. அவ்வளவு நன்றாகச் செய்யாமல் விட்டிருக்கலாம் என்று சூசைதாசனுக்கு ஒருநாள் தோன்றியது. மார்கழி போனது. தை பிறந்தது. நீரிறைக்கும் மோட்டர் ஒன்றிரண்டு வந்தன. கொண்டு வந்தவர்கள் படலையோடு போனார்கள். அச்சுவேலிக்குப் போக ஒரு காரணம் கிடைக்குமா என்று பார்த்துப் பார்த்து இருந்தார். மீற்றரைச் சரி பார்க்கவேணும் என்று சொல்லிப் போகலாம். டயோட் இறுக்கம் பார்க்கவேணும் என்று சொல்லலாம். இரண்டையும் யோசித்துவிட்டு, தை மாதம் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் காரணம் ஒன்றுமில்லாமலே புறப்பட்டார்.

பத்மாசினி முற்றத்தில் சவர்க்காரம் வெட்டிக்கொண்டிருந்தார். "வாங்கோ அண்ணை. அவர் வரச்சொன்னவரோ?"

"இல்லைப் பிள்ளை."

"எண்ணெய்க்குச் சாவகச்சேரிப் பக்கம் போட்டார். வர மத்தியானம் ஆகும். உள்ளை வந்து இருங்கோ."

உள்ளே போய் இருந்தார். கதிரையில் இருந்தபடி அந்த வீட்டின் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்மாசினி தேத்தண்ணி தந்துவிட்டுத் தன் வேலைக்குப் போனார். இரண்டு மணிபோல, கரியரில் எண்ணெய்க் கானோடு தியாகராசா வந்தார். சூசைதாசனைக் கண்டதும் கண் நேரே பந்தல் பக்கம் போனது.

"மெசினிலை ஏதும் பிழையோ?"

"ஒரு பிழையும் இல்லை."

"பிறகு?"

"சும்மாதான் வந்தனான்."

தியாகராசா சைக்கிளை ஸ்ராண்டில் விட்டார். எண்ணெய்க் கானை இறக்கினார். சும்மா வந்த ஒருவரை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முகம் துடைத்துவிட்டு வந்து எதிர்க் கதிரையில் இருந்தார். அம்பியரும் வோல்ற்றும் இல்லாமல் இருவருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே கத்தி சவர்க்காரத்தில் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உங்கடை குடும்பம் கொழும்பிலையெண்டு ஒருக்கால் சொன்னனீங்கள்," என்றார் தியாகராசா கடைசியில். "மகள் என்ன செய்யிறா?"

இந்த மூன்றரை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. சூசைதாசன் வாயைத் திறந்தார். பதில் தன்னிடம் இருக்கிறதென்றுதான் நினைத்திருந்தார்.

"தெரியாது," என்றார். "ரைப்பிங் பழகப் போறன் எண்டு எழுதினவள். அது போன வருசம் வைகாசியிலை வந்த கடிதம். அதுக்குப் பிறகு ஒண்டும் வரேல்லை."

"இப்ப பழகி முடிச்சிருப்பா."

"ஓம். முடிச்சிருப்பாள்."

"வேலையும் எடுத்திருப்பா."

"எடுத்திருக்கலாம்," என்றார் சூசைதாசன். கொஞ்சம் பொறுத்து, "அவளுக்கு இங்கிலீசு நல்லாய் வரும்," என்று சொல்லத் தொடங்கினார்.

தியாகராசா கதிரையைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டார். அவருக்கு அந்தப் புகைக்குப் பிறகு மூச்சுத்தான் குறைவு, காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் நன்றாகக் கேட்கவேண்டும் போல முன்னுக்குக் குனிந்து இருந்தார்.